அணைத்தாலும் திரும்பி வரும் மஞ்சள் லைட்

காந்திபுரம் சத்தி ரோட்டில் சாயங்காலம் பத்து நிமிஷம் நின்றால் போதும், குறைந்தது இருபது பிக்கப் வண்டியாவது கண்ணில் படும். காய்கறி, பம்பு செட், நூல் மூட்டை, கல்யாண மண்டபத்துச் சேர் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போகும். அதில் கொஞ்சம் வயசான வண்டிகளின் மீட்டர் போர்டை எட்டிப் பார்த்தால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிரைவரைக் கேட்டால் "அது அப்படித்தானுங்க, ரெண்டு வருஷமா எரியுது" என்பார்.

இந்த லைட்டுக்கு நம் ஊரில் பொதுவாக இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று, பேட்டரி வயரைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்து மாட்டுவது. லைட் அணையும், சில நாளில் திரும்பி வரும். இன்னொன்று, ஸ்கேனர் போட்டு, அதில் எந்தப் பாகத்தின் பெயர் வருகிறதோ அதைப் புதுசாக மாற்றுவது. அப்போதும் லைட் அணையும், சில நாளில் திரும்பி வரும். முதல் வைத்தியத்துக்குச் செலவில்லை. இரண்டாவதுக்கு ஒரு வார வாடகை போய்விடும். இரண்டிலுமே வண்டி சொல்ல வந்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை.

நான் சாஃப்ட்வேர்காரன், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தப் பிரச்சினையின் வடிவம் எனக்கு நன்றாகத் தெரியும். சர்வர் படுத்தால் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு, லாக் ஃபைலையும் அழித்துவிட்டு, "சரியாயிருச்சு" என்று சொல்வதற்குச் சமம் இது. திரும்பத் திரும்ப வரும் கோளாறு, எப்போது வருகிறது என்ற தகவலையும் கூடவே கொண்டு வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த லைட் யாருக்காக எரிகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ஆயில் பிரஷர் லைட் சிவப்பு. அது எஞ்சினைக் காப்பாற்ற எரிவது. எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். செக் எஞ்சின் லைட் மஞ்சள். அது முதன்மையாக எரிவது காற்றுக்காக. புகையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டில் ஏதோ ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் அதன் செய்தி.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். 1940களில் அந்த ஊரைக் கண் எரியவைக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், அதே கருவிகளை ஊர்க் காற்றின் பக்கம் திருப்பினார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். பிற்பாடு கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம்தான் 1988 மாடல் வண்டிகளிலிருந்து, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அதுவே ஓ.பி.டி. அதன் இரண்டாம் பதிப்பு 1996 முதல் அமெரிக்கா முழுவதும் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளைக் கப்ளரும், எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான கோடு எண்களும் அப்போது வந்தவைதான்.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் 13 பெருநகரங்களில் பி.எஸ்.4 வந்தபோது ஓ.பி.டி.யின் முதல் கட்டம் வந்தது. அது பெரும்பாலும் வயர் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டம், பாகம் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்றும் பார்க்க ஆரம்பித்தது. பி.எஸ்.4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. ஆக, இன்று நம் ரோட்டில் ஓடும் "பழைய பிக்கப்" என்றால் பெரும்பாலும் இந்த நடுக்காலத்து காமன் ரயில் டீசல் வண்டிதான். இந்தக் கட்டுரை அந்த வண்டிகளைப் பற்றியது.

லைட் எப்படி முடிவெடுக்கிறது?

ஒரு சென்சார் ஒரு தடவை தப்பாகக் காட்டியதுமே லைட் எரிந்துவிடாது. முதல் முறை கோளாறு தென்பட்டால், வண்டியின் கம்ப்யூட்டர் அதைப் பென்டிங் கோடாக மட்டும் குறித்து வைக்கும். அடுத்தடுத்த பயணங்களிலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட்டைப் போடும். பல கோளாறுகளுக்கு இரண்டாவது பயணத்திலேயே எரியும். சில மாடல்களில் இன்னும் ஓரிரு பயணம் ஆகும். பிறகு தொடர்ந்து மூன்று பயணம் கோளாறு இல்லாமல் ஓடினால் லைட் தானாகவே அணையும். ஆனால் கோடு நினைவில் இருக்கும். எஞ்சின் குளிர்ந்து மறுபடி சூடாவதைச் சுமார் 40 முறை எண்ணிய பிறகுதான் அழியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. லைட் எரிந்த நேரமும் கோளாறு நடந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல, லைட் தானாக அணைந்ததால் கோளாறு போய்விட்டது என்றும் அர்த்தமில்லை.

கோடு பதிவாகும்போது கம்ப்யூட்டர் இன்னொரு காரியமும் செய்கிறது. அந்த நொடியில் எஞ்சின் ஆர்.பி.எம். எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, எஞ்சின் மேல் எத்தனை சதவீதம் லோடு என்று ஒரு ஃபோட்டோ மாதிரி எடுத்து வைக்கிறது. இதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் கோளாறைப் பிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் முதலில் போவது இதுதான். ஸ்கேனரில் "கோடு அழி" பட்டனை அமுக்கினாலும் கதை அதேதான்.

கோடு என்பது பாகத்தின் பெயர் அல்ல

ஒரு உதாரணம் பார்க்கலாம். டீசல் பிக்கப்பில் அடிக்கடி வருவது பி0401. முதல் எழுத்து "பி" என்றால் எஞ்சின், கியர் பகுதி. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்று சொல்கிறது. அந்த இடத்தில் 1 வந்தால் அது கம்பெனியின் சொந்தக் கோடு. நான்கு என்றால் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. கடைசி இரண்டு இலக்கம் குறிப்பான புகார். மொத்தமாகப் படித்தால், "இ.ஜி.ஆர். வழியாக வர வேண்டிய அளவு புகை வரவில்லை".

இ.ஜி.ஆர். என்பது சைலென்சர் பக்கம் போகும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் ஏற்பாடு. சிலிண்டருக்குள் ஆக்சிஜன் கொஞ்சம் குறையும், எரியும் சூடு தணியும். சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடு மளமளவென்று உருவாகும் என்பதால் இந்தத் தணிப்பு தேவை.

சரி, உள்ளே எவ்வளவு புகை திரும்பி வருகிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பல வண்டிகளில் அதை நேராக அளக்கும் சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டரைத் தாண்டி இருக்கும் ஏர் மாஸ் சென்சார், உள்ளே போகும் புதுக்காற்றை அளக்கிறது. இ.ஜி.ஆர். வால்வ் திறந்தால் அந்த இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும், புதுக்காற்று குறைய வேண்டும். "திறன்னு சொன்னேன், ஆனா காத்து குறையலையே" என்று கம்ப்யூட்டர் கவனித்தால், அதுதான் பி0401.

ஆக, இந்தக் கோடு ஒரு கணக்கு உதைத்ததைச் சொல்கிறது. எங்கே உதைத்தது என்பதற்குப் பல சாத்தியம் உண்டு. வால்வில் கரி அடைத்திருக்கலாம். புகை போகும் பைப்போ கூலரோ அடைத்திருக்கலாம். வால்வைத் திறக்கும் வேக்யூம் போய்ச் சேராமல் இருக்கலாம். வேக்யூமைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு போயிருக்கலாம். ஏர் மாஸ் சென்சாரே தப்பாக அளக்கலாம். ஐந்து சாத்தியத்தில் ஒன்றில் மட்டும்தான் வால்வே காரணம். ஸ்கேனர் திரையில் "இ.ஜி.ஆர்." என்று பார்த்ததும் வால்வை மாற்றுவது ஐந்தில் ஒரு சீட்டு எடுக்கும் சமாச்சாரம்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கேஸ்

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் குன்னூருக்கு மளிகை ஏற்றிக்கொண்டு போய், வரும்போது கேரட்டும் பீட்ரூட்டும் கொண்டு வருபவர். வண்டி 2016 மாடல் பிக்கப். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. பி0401 வந்தது. வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள். லைட் திரும்பி வந்தது. வால்வையே மாற்றினார்கள். அப்புறமும் வந்தது. அவருடைய சந்தேகம் தெளிவாக இருந்தது: "மலை ஏறினாத்தானுங்க தம்பி இந்த லைட்டு வருது. எஞ்சினு தாங்கல போல." பர்லியாறில் டீக்கு நிறுத்தும்போதுதான் ஒவ்வொரு தடவையும் லைட் கண்ணில் பட்டிருக்கிறது.

அடுத்த முறை லைட் வந்தபோது எதையும் அழிக்காமல் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படித்தோம். வேகம் 48 கி.மீ. ஆர்.பி.எம். 1,700 சொச்சம். எஞ்சின் லோடு நாற்பது சதவீதத்துக்கும் கீழே. கூலன்ட் 88 டிகிரி.

லோடோடு குன்னூர் மலை ஏறும் வண்டி 48 கி.மீ. வேகத்தில் நாற்பது சதவீத லோடில் போகவே முடியாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் இருபதுக்கு வரும், லோடு நூறைத் தொடும். அது மட்டுமில்லை, எஞ்சின் முழுமூச்சாக இழுக்கும்போது கம்ப்யூட்டர் இ.ஜி.ஆரை மூடியே வைத்திருக்கும். அப்போது எஞ்சினுக்கு முழு ஆக்சிஜனும் வேண்டும். மூடியிருக்கும் நேரத்தில் "புகை வரலை" என்ற புகாருக்கே இடமில்லை. ஆகவே கோளாறு மலையில் நடக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம், காரமடை பக்கம் சமதளத்தில் நிதானமாக ஓடும்போதே நடந்துவிட்டது. பார்த்தது மட்டும்தான் மலையில்.

எஞ்சின் மீதான பழி இத்தோடு நீங்கியது. மிச்சம் இருந்தது ஒரு துப்பு: ஊரில் கிளம்பிய உடனே வருவதில்லை, நன்றாகச் சூடான பிறகுதான் வருகிறது. பட்டறையில் சோதித்தபோதெல்லாம் எல்லாம் சரியாக இருந்ததற்கும் இதுதான் காரணம். வண்டி பட்டறையில் ஆறிப்போய் நிற்கும்.

அதனால் ஆறிய வண்டியிலும் சூடான வண்டியிலும் ஒரே சோதனையைச் செய்தோம். எஞ்சின் எழுபது டிகிரி வந்ததும் ஐட்லிங்கில் விட்டு, போனில் லைவ் டேட்டாவைப் பார்த்தோம். இ.ஜி.ஆர். திறக்கச் சொன்னதும் ஏர் மாஸ் எண் பளிச்சென்று இறங்கியது. அப்படியென்றால் வால்வும் பைப்பும் சென்சாரும் நல்லாத்தான் இருக்கின்றன. முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அதையே செய்தோம். திறக்கச் சொல்லியும் எண் அசையவில்லை. வால்வுக்குப் போகும் வேக்யூம் டியூபைப் பிடுங்கி விரலை வைத்துப் பார்த்தால், ஆறியபோது விரலை இழுத்துப் பிடித்த உறிஞ்சல் இப்போது பேருக்குத்தான் இருந்தது.

டியூபைத் தடவிக்கொண்டே போனதில், வளைவில் ஒரு கிளிப்புக்கு அடியில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஆறியிருக்கும்போது வெடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் இளகியதும் வாய் திறக்கும். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ரப்பர் டியூபில் அரை மீட்டர் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கோடை அழித்தோம். ஆனால் லைட் அணைந்தது ஆதாரம் ஆகாது, ஏனென்றால் அழித்தால் எதுவும் அணையும். அதே ரோட்டில், அதே லோடில் மூன்று நான்கு ட்ரிப் ஓடவிட்டு, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பிறகு பென்டிங் கோடு இருக்கிறதா, இ.ஜி.ஆர். சோதனையைக் கம்ப்யூட்டர் ஓட்டி முடித்துவிட்டதா என்று பார்த்தோம். சோதனை முடிந்து பென்டிங்கும் காலியாக இருந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

காசு செலவில்லாத நான்கு சோதனைகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் ஒரு போனும் இருந்தால், பாகம் வாங்குவதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, விடிகாலைச் சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் வெளிக்காற்றின் சூடும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அந்த சென்சாரையும் அதன் கப்ளரையும் சந்தேகப்படலாம்.

இரண்டு, நம் பக்கத்துக்கு வாய்த்த சோதனை. எஞ்சின் ஓடாதபோது, டர்போவுக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் சென்சார் வெறும் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். இங்கே 96, 97 கிலோபாஸ்கல் வரும். குன்னூரில் சுமார் 81, ஊட்டியில் சுமார் 77. மலை ஏறும் வண்டிக்காரர் இரண்டு இடத்திலும் சாவி போட்டுப் பார்த்து எழுதி வைத்தால், அந்த சென்சாரின் யோக்கியதை தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் அதை நம்ப வேண்டாம்.

மூன்று, வோல்டேஜ். நின்ற வண்டியில் பேட்டரி 12.4-க்கு மேல் இருக்க வேண்டும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் வரும் மர்மக் கோளாறுகளில் பலவற்றுக்கு மூலம் இங்கேதான்.

நான்கு, எண்ணிக்கை. ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத மூன்று நான்கு சென்சார் கோடு வந்தால், மூன்று நான்கு சென்சாரும் ஒரே நாளில் செத்துப்போனதாக நினைக்க வேண்டாம். பல சென்சார்களுக்கும் 5 வோல்ட் சப்ளை ஒரே இடத்திலிருந்து பிரிந்து போகிறது. ஒரு வயர் பிராக்கெட்டில் உரசித் தோல் உரிந்தாலோ, எலி கடித்தாலோ எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். பொதுவான இடத்தைத் தேடுங்கள்.

தகடு வைத்து அடைப்பது பற்றி

இதற்கெல்லாம் குறுக்குவழி ஒன்று உண்டு என்று பலரும் சொல்வார்கள்: "இ.ஜி.ஆருக்கு ஒரு தகடு வெச்சு அடைச்சு விட்டுட்டா தொல்லையே இல்லை, வண்டியும் இழுக்கும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. இ.ஜி.ஆர். வேலை செய்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், ஆனால் கரி கொஞ்சம் கூடும். அடைத்துவிட்டால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும்.

இங்கேதான் சிக்கல். நம் புகைப் பரிசோதனை மையத்தில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான். பி.எஸ்.4 வண்டிக்கு வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்கு முந்தையவற்றுக்கு 65. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. ஆகவே தகடு வைத்த வண்டி பரிசோதனையில் தோற்காது. முன்பைவிடச் சுத்தமாகக்கூடத் தேறும். ஆனால் அதன் பின்னால் ஸ்கூட்டரில் போகிறவர் அதிக நைட்ரஜன் ஆக்சைடை சுவாசிப்பார், ஊர் வெயிலில் அது ஓசோனாகும். அளக்காத ஒன்றைப் பரிசோதனையால் பிடிக்க முடியாது என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் 2015-இல் வெடித்த ஃபோக்ஸ்வாகன் விவகாரம். லேபில் நல்ல பிள்ளையாக இருந்த டீசல் கார்கள் ரோட்டில் வரம்பைப் பல மடங்கு மீறியதை, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஓட்டி அளந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடமும் இருந்தார்.

நம் பிக்கப்பில் அப்படிக் கருவி எதுவும் கிடையாது. இ.ஜி.ஆர். வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த மஞ்சள் லைட்தான். தகடு வைத்தால் லைட் நிரந்தரமாக எரியும். நாளைக்கு டீசல் ஃபில்டர் அடைத்து ரயில் பிரஷர் இறங்கி பி0087 வந்தாலும், ஏற்கெனவே எரியும் லைட்டில் புதுச்செய்தி எதுவும் தெரியாது. மலைப் பாதையில் லோடோடு வண்டி இழுக்காமல் நிற்கும்போதுதான் தெரியும். ஒரு கோளாறை மறைக்கப் போய் எல்லாக் கோளாறுக்கும் கண்ணைக் கட்டிக்கொள்வதாக ஆகிவிடும்.

அடுத்த முறை லைட் எரிந்தால் பட்டறையில் கேட்க வேண்டியது மூன்றே விஷயம். அழிக்கறதுக்கு முன்னாடி கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் ஒரு ஃபோட்டோ எடுத்துக் குடுங்க. எதை மாத்தறதுக்கு முன்னாடியும், அதுதான் காரணம்னு என்ன சோதனையில தெரிஞ்சதுன்னு சொல்லுங்க. வேலை முடிஞ்ச பிறகு நாலு ட்ரிப் ஓட்டிட்டு வர்றேன், பென்டிங் கோடு இருக்கான்னு பார்த்துக் குடுங்க. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டிப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். லைட் வந்த தேதி, இடம், லோடு, மழையா வெயிலா என்று எழுதி வையுங்கள். ஃப்ரீஸ் ஃபிரேமில் இல்லாத பாதிக் கதை அதில் கிடைக்கும்.